ஞாயிற்றுக்கிழமைதான் சம்பளம்

விருந்தாளிக்கு வேலை கிடையாது. வேலைக்காரிக்குச் சாப்பாட்டு மேஜையில் நாற்காலி கிடையாது. மாணவிக்குப் பிறத்தியார் குழந்தையின் மூக்கைச் சிந்திவிடும் பொறுப்புக் கிடையாது. உறவுக்காரிக்கு ஒப்பந்தப் பத்திரம் கிடையாது. இந்த நால்வரில் எவளாகவும் இராமல், நால்வருடைய லட்சணங்களும் சிறிது சிறிது கலந்தவளாக, ஐரோப்பிய நகரங்களின் வசதியுள்ள குடும்பங்களில் ஓராண்டுக் காலம் தங்கிப் போகும் இளம் பெண்களை 'ஓ-பேர்' என்று அழைக்கிறார்கள். ஆண்பிள்ளைகளும் இதற்குப் போகலாம், போகிறார்கள், ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றதும் ஒரு பெண்ணைத் தேடும் விஷயத்தில் ஐரோப்பியத் தகப்பனாருக்கும் நம்மூர்த் தகப்பனாருக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்நிய தேசம் ஒன்றின் பாஷையையும் பழக்கவழக்கங்களையும் கற்கும் பொருட்டு அத்தேசத்துக் குடும்பம் ஒன்றில் வாசம் செய்து, அவர்கள் அளிக்கும் உணவுக்கும் அறைக்கும் கைச்செலவுப் பணத்துக்கும் பிரதியாக அவர்களுடைய குழந்தைகளைக் கவனித்துக்கொள்வதுதான் இந்த ஏற்பாட்டின் சாராம்சம். ஜெர்மனி இதற்கு வகுத்திருக்கும் விதிகள் தெளிவானவை. விண்ணப்பிக்கும்போது 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 27 ஆகியிருக்கக் கூடாது. ஜெர்மன் பாஷையில் ஆரம்பப் படியான ஏ1 தேறியிருக்க வேண்டும். வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல், நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. மாதந்தோறும் கைச்செலவுக்கு 280 யூரோவும் பாஷை வகுப்புக்கு 70 யூரோவும் குடும்பத்தார் தர வேண்டும். தனி அறையும் காப்பீடும் அவர்கள் பொறுப்பு. வாரத்தில் ஒன்றரை நாள் முழு ஓய்வு, மாதத்தில் ஒரு ஞாயிறாவது அந்த ஓய்வுக்குள் வர வேண்டும். ஓராண்டு தங்குகிறவளுக்கு நான்கு வார விடுமுறை. ஒருத்தி வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இவ்வகையில் ஜெர்மனிக்குப் போக முடியும்.

இதைச் சம்பளம் என்ற தராசில் நிறுத்துப் பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். 2025-ல் ஜெர்மனியில் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 யூரோ 82 சென்ட். மாதத்துக்குச் சுமார் 130 மணி நேரம் குழந்தைகளுடன் கழிக்கும் இந்தப் பெண்ணின் கைக்கு வரும் 280 யூரோவை மணிக் கணக்கில் வகுத்தால் இரண்டு யூரோவும் சில சென்டுகளுமே தேறும். உணவையும் உறைவிடத்தையும் எவ்வளவு தாராளமாக மதிப்பிட்டுக் கூட்டினாலும் கணக்கு நேராகாது. அப்படியானால் கொலம்பியாவிலிருந்தும் ஜார்ஜியாவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும், இப்போது நம் தமிழ்நாட்டிலிருந்தும், இவர்கள் விமானமேறுவது எதைப் பெறுவதற்காக?

இக்கேள்விக்கு விடையை அருகிலிருந்து பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு ஃப்ரைபுர்க் நகரில் வாய்த்தது. கருங்காட்டு மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில், பிரான்ஸும் சுவிட்ஸர்லாந்தும் கூப்பிடு தூரத்தில் இருக்க, ட்ரைசாம் என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்த அந்த நகரம், 1944 நவம்பர் 27 இரவில் விழுந்த குண்டுகளால் பழைய வீதிகளில் பெரும்பாலானவற்றை இழந்தும், 116 மீட்டர் உயரமுள்ள தன் தேவாலயக் கோபுரத்தை மட்டும் இழக்காமல் நிமிர்ந்து நின்றது. வீதியோரங்களில் முழங்கால் ஆழம்கூட இல்லாத சின்னஞ்சிறு வாய்க்கால்கள் தெளிந்த நீருடன் ஓடிக்கொண்டிருக்கும்; தெரியாமல் அதில் காலை விட்டவர் அவ்வூர்க்காரரைத்தான் மணக்க நேரிடும் என்பது அங்கே வழங்கும் கதை. நகரின் தென்பகுதியான வீரேயில், பழைய பெரிய வீடுகள் மரங்களுக்குப் பின்னே நிற்கும் தெரு ஒன்றில், நான் தங்கியிருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில், பாளையங்கோட்டையிலிருந்து வந்த இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி ஓ-பேராக இருந்தாள். அந்த வீட்டு அம்மாள் டாக்டர்; ஐயா பள்ளி ஆசிரியர்; குழந்தைகள் இருவர், பெண்ணுக்கு எட்டு வயது, பையனுக்கு நான்கு.

மாடிப்படியில் முதல் நாள் என்னைப் பார்த்துத் தமிழ் பேசக் கிடைத்த ஆனந்தத்தில் அவள் சொன்ன முதல் குறை விசித்திரமானது. "பேர் சொல்லித்தான் கூப்பிடணும்னு சொல்லுதாங்க அக்கா. அவங்களுக்கு எங்கம்மா வயசு. நாக்கு வர மாட்டேங்கு." டாக்டர் அம்மாளைப் பெயர் சொல்லி அழைக்க மனம் ஒப்பாமல், அவர் எதிரே வந்து நிற்கும்வரை காத்திருந்து, அழைக்காமலே பேச்சைத் தொடங்கும் ஓர் உபாயத்தை அவள் சில வாரங்கள் கையாண்டு வந்தாள். பெயரைத் தயக்கமின்றிச் சொல்லத் துணிவு வந்த நாளில்தான் அந்த வீட்டில் தனக்கு இடம் கிடைத்தது என்று பிற்பாடு அவளே என்னிடம் சொன்னாள்.

அவளுடைய நாள் காலை ஆறரை மணிக்கு ரொட்டிப் பெட்டியில் தொடங்கும். ஜெர்மானியக் குழந்தை பள்ளிக்குக் கொண்டுபோகும் அந்தச் சிறு பெட்டி ஒரு சாஸ்திரத்துக்கு உட்பட்டது: கருத்த மாவு ரொட்டித் துண்டுகள் இரண்டு, நடுவே வெண்ணெயும் பாலாடைக் கட்டியும், ஓரத்தில் விரல் நீளத்துக்கு நறுக்கிய வெள்ளரி, ஆப்பிள் வில்லைகள். ஆப்பிள் கறுத்துப்போனால் பையன் தொடமாட்டான் என்பதால், வில்லைகளை மறுபடி முழுப் பழமாகச் சேர்த்து ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி வைக்கும் யுக்தியை அவள் அந்த வீட்டு எட்டு வயதுப் பெண்ணிடம் கற்றாள். பிறகு உடை உடுத்தும் படலம். குளிர்காலத்தில் நான்கு வயதுப் பையனை வெளியே கிளப்புவது என்பது, உள் கால்சட்டை, மேல் கால்சட்டை, அதற்கும் மேலே சேற்றுக்கென்று ரப்பர் போட்ட தோள்பட்டைக் கால்சட்டை, கம்பளித் தொப்பி, தொலையாதிருக்கும் பொருட்டு சட்டைக் கைகளுக்குள் ஓடும் கயிற்றின் இரு முனைகளிலும் கட்டிய கையுறைகள் என்று முடிவில்லாமல் நீளும் ஒரு காரியம். அத்தனையும் மாட்டி முடித்துக் கதவைத் திறந்த கணத்தில் 'பிப்பி' வருகிறது என்பான். அவசரத்தை உணர்த்தும் ஜெர்மன் சொற்களில் அவள் பாடப்புத்தகத்துக்கு வெளியே கற்ற முதல் சொல் அதுதான்.

குழந்தைப் பள்ளியில் ஒவ்வொரு குழந்தைக்கும் சுவரில் ஒரு கொக்கி, கொக்கிக்கு மேலே எழுத்தறியாதவர்க்கும் அடையாளம் தெரியும்படி ஒரு படம்; இவனுக்கு முள்ளெலி. மழைக் காலணியைக் கழற்றி, வீட்டுக்குள் அணியும் மென்காலணி மாட்டி, முள்ளெலியின் கீழே கோட்டைத் தொங்கவிட்டு, ஆசிரியையிடம் கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் பிற்பகல் வரையில் அவளுக்கு ஓய்வு. பிற்பகலில் மறுபடி முள்ளெலியின் கீழிருந்து கோட்டை எடுத்து, விளையாட்டுத் திடலின் மணலில், மழை தூறினாலும் பொருட்படுத்தாமல் ஒரு மணி நேரமாவது அவனை அலைய விட்டு, மூத்தவளை வயலின் வகுப்பிலிருந்து அழைத்து வந்து, ஆறு மணிச் சாப்பாட்டுக்கு மேஜை வைத்து, ஆறு ஐம்பதுக்குத் தொலைக்காட்சியில் வரும் 'சாண்ட்மென்ஷென்' என்னும் பொம்மைக் குள்ளன் நிகழ்ச்சியைப் பார்க்க வைத்தால், அன்றைய கடமை தீர்ந்தது. 1959-லிருந்து ஜெர்மானியக் குழந்தைகளைத் தூங்கவைத்து வரும் அந்தக் குள்ளனிடம் அவளுக்கு அளவற்ற பக்தி இருந்தது. உச்சரிப்பு அவ்வளவு தெளிவாக வேறு யாரும் அவளிடம் பேசியதில்லை.

அவர்கள் வீட்டு இரவுச் சாப்பாட்டுக்கு என்னையும் ஒருநாள் அழைத்திருந்தார்கள். இரவுச் சாப்பாடு என்றதும் நம்மவர் அடுப்பை நினைப்பார்கள். அங்கே அடுப்புக்கு அந்நேரம் வேலை இல்லை. ரொட்டி, வெண்ணெய், பாலாடைக் கட்டி வகைகள், ஊறுகாய் வெள்ளரி, இவற்றை நடுவில் பரப்பி அவரவர் எடுத்துக்கொள்ளும் குளிர்ந்த உணவு. சம்பாஷணை சுவாரஸ்யமாகப் போய்க்கொண்டிருந்தபோது பையன் முழங்கை பட்டு ஒரு கோப்பைப் பால் மேஜையெங்கும் ஓடி என் புடவை ஓரத்தை நனைத்தது. நம் பெண் சட்டென்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழப் போனாள். டாக்டர் அம்மாள் அவள் தோள்மேல் கையை வைத்து, உன் நேரம் முடிந்துவிட்டது, உட்கார்ந்து சாப்பிடு என்று சொல்லிவிட்டுத் தாமே துணியெடுக்கப் போனார். ஐயா தரையைத் துடைத்தார். மூத்தவள் எனக்கு ஒரு கைக்குட்டை கொண்டுவந்தாள். பாலைக் கொட்டியவன் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். சமானமாக நடத்துவது என்று பத்திரத்தில் எழுதிவிடுவது எளிது. மேஜையில் பால் கொட்டும்போது யார் எழுந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே அந்த எழுத்துக்குப் பரீட்சை என்பது அன்று முதல் என் அபிப்பிராயம்.

காலை வேளைகளில் அவள் போய்வந்த பாஷை வகுப்பு, ஊர்தோறும் உள்ள ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே எனப்படும் பொதுமக்கள் கல்விக்கூடத்தைச் சேர்ந்தது. அங்கே இலக்கணத்தைவிட நட்பே மிகுதியாக விளைந்தது. கொலம்பியப் பெண்ணும் ஜார்ஜியப் பெண்ணும் நெல்லைப் பெண்ணும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள அவர்களுக்குப் பொதுவாக இருந்தது நொண்டி ஜெர்மன் ஒன்றுதான். ஜெர்மானியர் எதிரில் வாய்திறக்கக் கூசியவர்கள், தங்களுக்குள் வேற்றுமை உருபுகளையெல்லாம் காற்றில் பறக்கவிட்டுத் தங்கு தடையின்றிப் பேசினார்கள். வார இறுதிப் பிரயாணங்களுக்கான ஆலோசனைகளும் அங்கேதான் நடந்தன.

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை என்பது நம்மூர் ஞாயிற்றுக்கிழமை அன்று. கடைகள் அடைத்திருக்கும், சுவரில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டுக்காரர் வந்து மணியடிப்பார், காலிப் பாட்டில்களைக் கண்ணாடித் தொட்டியில் போடக்கூட அன்று அனுமதி இல்லை. 1919-ன் வைமார் அரசியல் சட்டத்தில் ஞாயிறு ஓய்வுக்கு அளித்த பாதுகாப்பை இன்றைய அரசியல் சட்டமும் அப்படியே தன்னுள் ஏற்று வைத்திருக்கிறது. வாங்குவதற்கு ஒன்றும் இல்லாத நாளில் பணமில்லாதவனும் பணக்காரனும் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கிறார்கள். இருவருக்கும் திறந்திருப்பவை காடும் ஆற்றங்கரையும் தேவாலயமும் ரயில் நிலையமும்தான். மாதம் 280 யூரோ உள்ளவளுக்கு இதைவிடச் சாதகமான ஏற்பாடு வேறு என்ன இருக்க முடியும்?

ரயிலைப் பொறுத்தவரையில் அவளுடைய அதிர்ஷ்டம் 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' என்ற உருவில் வந்தது. 2023 மே மாதத்தில் மாதம் 49 யூரோவாகத் தொடங்கி, 2025-ல் 58 ஆகி, 2026-ல் 63 ஆகியிருக்கும் அந்தச் சீட்டைக் கையில் வைத்திருப்பவர், அதிவேக ரயில்கள் நீங்கலாக, தேசம் முழுவதிலும் ஓடும் வட்டார ரயில்களிலும் டிராம்களிலும் நகரப் பேருந்துகளிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். அவசரக்காரர்கள் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊருக்கு நான்கு மணி நேரத்தில், எல்லா நிலையங்களிலும் நின்று நின்று போக வேண்டும். நாட்டைப் பார்க்க வந்தவளுக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை இரவு வீட்டு அடுப்பில் எலுமிச்சை சாதம் கிளறி, பையனுடைய ரொட்டிப் பெட்டிகளில் உபரியாக இருந்த ஒன்றில் அடைத்துக்கொண்டு, விடியற்காலையில் படியிறங்கும் சத்தம் எனக்குக் கேட்கும். சில ஞாயிறுகளில் என்னையும் உடன் அழைத்துக்கொண்டாள்.

முதலில் மலைக்குப் போனோம். ஃப்ரைபுர்க்கிலிருந்து ஹோலென்டால் என்னும் குறுகிய பள்ளத்தாக்கின் வழியாக ஏறும் ரயில் பாதை 1887-ல் திறக்கப்பட்டது. பாறைகளுக்கும் ஊசியிலை மரங்களுக்கும் நடுவே மூச்சு வாங்கி ஏறி, டிட்டிசே ஏரியைத் தொட்டு, அதற்கப்பால் ஒரு கிளையாகப் பிரிந்து, 967 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு நிலையத்தில் நின்றது வண்டி. ஜெர்மனியின் நிலையான அகலமுள்ள ரயில் பாதைகளில் அதைவிட உயரமான நிலையம் கிடையாது. ஏரிக்கரையில் வரிசையாகக் குயில் கூவும் கடிகாரக் கடைகள். சுற்றுலாத் தலங்களுக்கு ஞாயிறு விதியில் விலக்கு உண்டு. சிறியதொரு கடிகாரத்தின் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள், மனத்துக்குள் ரூபாயாக மாற்றினாள், மரியாதையாக இருந்த இடத்தில் வைத்தாள். காடு முழுவதும் நடந்தோம். எங்கும் பாதைகாட்டிப் பலகைகள். வழி தவற நினைத்தாலும் முடியாது.

கோல்மாருக்குப் போன பிரயாணம் அவள் மனத்தில் ஆழமாகப் பதிந்ததாகச் சொன்னாள். ரைன் நதிக்கு இக்கரையில் ப்ரைசாக் வரைதான் ரயில், அக்கரை பிரான்ஸ். ஒரு காலத்தில் ரயிலே பாலத்தைக் கடந்து கோல்மாருக்குப் போய்க்கொண்டிருந்தது; 1945-ல் யுத்தத்தின் முடிவில் தகர்ந்த அந்தப் பாலத்தை இன்றுவரை யாரும் மீண்டும் கட்டவில்லை, ஆகவே பேருந்தில்தான் நதியைக் கடக்க வேண்டும். அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலையைச் செய்த பார்தோல்டி பிறந்த ஊர் கோல்மார். ஆனால் அவ்வூரின் உண்மையான பொக்கிஷம் உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஈசன்ஹைம் பலிபீட ஓவியம். 1512-க்கும் 1516-க்கும் இடையில் க்ரூனெவால்ட் என்னும் ஓவியர், விஷம் பிடித்த தானியத்தைத் தின்று உடம்பெல்லாம் தீப்பற்றினாற்போல் எரியும் வியாதியில் விழுந்தவர்களைத் துறவிகள் பராமரித்து வந்த ஒரு மடத்துக்காக வரைந்தது அது. சிலுவையில் தொங்கும் அந்த உடம்பு முழுதும் கொப்புளம். விரல்கள் வலியால் விறைத்து மேல்நோக்கி விரிந்திருக்கின்றன. ஊரில் செவிலியர் படிப்புக்கு இடம் கிடைக்காமல் வேறு பட்டம் படித்து, ஜெர்மனியிலாவது செவிலியர் பயிற்சியில் சேர வேண்டும் என்ற சங்கல்பத்தோடு வந்தவள் அவள். வெகு நேரம் அதன் எதிரே நின்றுவிட்டு, "சீக்காளிக்குச் சீக்காளியவே சாமியாக் காட்டியிருக்காங்க" என்றாள். அந்த ஓவியத்தைப் பற்றி அறிஞர் எழுதியவற்றில் நான் படித்த எதுவும் இதைவிடச் சுருக்கமாக இல்லை.

பாசெலுக்குப் போக அந்தச் சீட்டே போதும். சுவிட்ஸர்லாந்து மண்ணிலேயே இருக்கும் பாதிஷர் பான்ஹோஃப் என்ற நிலையம் வரை அது செல்லும். போய்ச் சேர்ந்த பின்பு அவ்வூர் விலைவாசி நம்மை வாய் திறக்க விடாது. எலுமிச்சை சாதத்தின் அருமை அங்கேதான் தெரியும். இயந்திரமே இல்லாமல், நதியின் குறுக்கே கட்டிய கம்பி ஒன்றைப் பற்றிக்கொண்டு, நீரோட்டத்தின் பலத்தாலேயே இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும் படகுகள் நான்கு அங்கே உண்டு. கோடையில் அலுவலகம் விட்டு வருகிறவர்கள் துணிகளை நீர் புகாத பையில் சுருட்டிக் கட்டிக்கொண்டு நதியில் குதித்து மிதந்தபடியே வீட்டுப் பக்கம் போய்ச் சேருவதைப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தாள். தாமிரபரணிக்காரி, நீச்சல் தெரிந்தவள், ஆனாலும் இறங்கவில்லை. தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பச்சைத் தண்ணி அக்கா, எலும்புக்குள்ள போகுது என்று கையை உதறினாள்.

கருங்காட்டின் வடக்கே நாகோல்ட் ஆற்றங்கரையில் கால்வ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. நாவலாசிரியர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1877-ல் பிறந்த ஊர் என்று அதற்குப் பிரசித்தி. ஆற்றுப் பாலத்தின்மேல் அவருடைய சிலை, தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கிறது. ஹெஸ்ஸேயின் தாய்வழிப் பாட்டனார் ஹெர்மன் குண்டர்ட், 1872-ல் மலையாள அகராதி வெளியிட்டவர், அதே ஊரில் 1893-ல் காலமானார். அந்தக் குண்டர்ட் 1836-ல் சென்னையில் கப்பலிறங்கித் தமிழ் கற்று, முதலில் ஊழியம் செய்யப் போனது திருநெல்வேலிக்கு, ரேனியஸ் என்னும் ஜெர்மானியப் பாதிரியாரிடம். ரேனியஸின் கல்லறையைப் பாளையங்கோட்டையில் பார்த்து வளர்ந்தவள், ரயில் மாறி மாறி இங்கே வந்து நின்றுகொண்டு, "எங்கூர்லேர்ந்து இவரு இங்க வந்தாரு, நானும் வந்துட்டேன்" என்று சிரித்தாள். இவ்வூரைப் பயணத் திட்டத்தில் சேர்த்தது நான்தான் என்பதில் எனக்குச் சிறிது கர்வம் உண்டு.

ஸ்ட்ராஸ்பூர்க் நகருக்குப் போகிறவர்கள் ஜெர்மன் எல்லையான கேல் வரை ரயிலில் போய், அங்கிருந்து ரைன் மேல் போட்டிருக்கும் நடைபாலத்தில் காலாறக் கடந்து பிரான்ஸுக்குள் நுழையலாம். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லைகளில் மீண்டும் சோதனை வைத்திருப்பதால், பாஸ்போர்ட்டும் வதிவிட அட்டையும் இல்லாமல் புறப்படலாகாது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உலகத்திலேயே உயரமான கட்டடமாக இருந்த தேவாலயக் கோபுரத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். நாங்கள் ஐரோப்பியக் கவுன்சில் கட்டடத்தையும் போய்ப் பார்த்தோம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஓ-பேர் பெண்களைப் பற்றிய ஐரோப்பிய உடன்படிக்கை 1969 நவம்பர் 24 அன்று அந்த நகரில்தான் நிறைவேறியது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேர வேலை, வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு, எழுத்து மூலமான ஒப்பந்தம், இரு தரப்பும் இரண்டு வார அறிவிப்பில் விலகிக்கொள்ளும் உரிமை என்று அது விதித்தது. ஜெர்மனி அதில் கையெழுத்திட்டதே ஒழிய அதை ஊர்ஜிதம் செய்யவில்லை. தன் விதிகளைத் தானே வகுத்துக்கொண்டது. இதைக் கேட்டதும் அவள், "அப்போ அஞ்சு மணி நேரம் ஆறாச்சாக்கும்" என்று கணக்கைச் சரியாகப் பிடித்தாள்.

திரும்பி வரும் ரயிலில்தான் நான் முதலில் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது. "இவங்க தாறது கைச்செலவுக்குத்தான் அக்கா. சம்பளம்னா அது ஞாயித்துக்கெழமதான்." ஊரில் இருந்தவரை மதுரைக்குக்கூடத் தனியாகப் பஸ் ஏறியிராத பெண் அவள். யாரிடமும் அனுமதி கேளாமல், எங்கே போகிறாய் எப்போது வருவாய் என்ற கேள்விக்கு ஆளாகாமல், மூன்று தேசங்களின் எல்லைகளைத் தன் இஷ்டப்படி தாண்டிவரும் ஒரு நாளுக்கு என்ன விலை போடலாம் என்பதை, அப்படியொரு நாளை அனுபவித்தறியாதவர்கள் சொல்ல முடியாது.

சம்பளம் அது என்றால், அதைப் பிடித்துக்கொள்வதும் களவுதான். அவளுடைய வகுப்புத் தோழியான ஜார்ஜியப் பெண் எங்களோடு வருவதாகச் சொல்லிப் பல முறை வரவில்லை. அவள் இருந்த வீட்டார் கொடியவர்கள் அல்லர்; அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை; கைச்செலவு முதல் தேதி தவறாமல் வந்தது. ஆனால் அவளுடைய அறை சமையலறையை ஒட்டியிருந்தது. ஞாயிறு காலையில் குழந்தைகள் கதவைத் தட்டுவார்கள். திறந்தால் விளையாடத் தொடங்குவார்கள். பெற்றோர் புன்னகையோடு, உன்னிடம் எவ்வளவு பிரியம் பார் என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார்கள். சனிக்கிழமை இரவில் நீ வீட்டில்தானே இருக்கிறாய், நாங்கள் ஒரு மணி நேரம் போய்வருகிறோம் என்பார்கள். குடும்பத்தில் ஒருத்தி என்ற அந்தஸ்து அவளுக்குக் கணக்கில்லாமல் கிடைத்தது. குடும்பத்துப் பெண்ணிடம் யார் மணிக்கணக்குப் பார்ப்பார்கள்? பிரியத்தின் பெயரால் பறிபோகும் ஓய்வைத் திரும்பக் கேட்பது, கோபத்தின் பெயரால் பறிபோவதைக் கேட்பதைவிடப் பன்மடங்கு கஷ்டம். கடைசியில் அவள் குடும்பம் மாறிக்கொண்டாள். அதற்கு விதியில் இடமுண்டு.

பிறர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடல் கடப்பது நம் தேசத்துப் பெண்களுக்குப் புதிதும் அன்று. வெள்ளைக்கார ஆட்சிக் காலத்தில் சீமைக்குத் திரும்பும் ஆங்கிலக் குடும்பங்கள் கப்பலில் குழந்தைகளைக் கவனிக்க இந்திய ஆயாக்களை அழைத்துச் சென்றன. லண்டன் சேர்ந்ததும் அவர்களில் பலரை வழிச்செலவு கூடக் கொடாமல் கைவிட்டன. இந்தியாவுக்குப் புறப்படும் வேறொரு குடும்பம் தங்களை அமர்த்திக்கொள்ளும்வரை அவர்கள் காத்துக் கிடந்த 'ஆயாக்கள் இல்லம்' லண்டனின் ஹாக்னி பகுதியில் இருந்தது. அந்த வீட்டுச் சுவரில் 2022-ல்தான் நீல நிற நினைவுப் பலகை பதித்தார்கள். அந்த ஆயாவுக்கு விடுமுறை என்றொரு நாள் எவர் ஏட்டிலும் இல்லை. மேலைநாட்டுத் தாய்மார் வேலைக்குப் போவதற்கு ஏழை நாட்டுப் பெண்ணின் கை இன்றும் தேவைப்படுகிறது என்பதில் நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஆனால் பத்திரத்தில் எழுதிய ஒன்றரை நாள் ஓய்வு அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து காட்டுகிறது.

அந்த எழுத்தும் எங்கும் ஒரே உறுதியோடு நிற்கவில்லை. பிரிட்டன் 2008-ல் ஓ-பேர் விசாவையே எடுத்துவிட்டது. நார்வேயில் வந்தவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் பெண்கள். கலாசாரப் பரிவர்த்தனை என்ற போர்வையில் மலிவான வேலைக்காரிகளை வரவழைப்பதாக வெகு காலம் தர்க்கம் நடந்து, 2024 மார்ச்சில் அந்நாடு அனுமதி கொடுப்பதை நிறுத்தியது. அமெரிக்காவில் வாரத்துக்கு 45 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். அதற்குக் குறைந்தபட்சத் தொகை வாரத்துக்கு 195 டாலர் 75 சென்ட். அந்தத் தொகையை எல்லா நிறுவனங்களும் கூடிப்பேசி உயராமல் வைத்திருந்ததாக முன்னாள் ஓ-பேர் பெண்கள் கொலராடோவில் தொடுத்த வழக்கு, 2019-ல் 15 நிறுவனங்கள் சேர்ந்து 6 கோடியே 55 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்ததில் முடிந்தது.

நம் பெண் ஆண்டு முடிவில் செவிலியர் பயிற்சிக்கு வேண்டிய அளவு ஜெர்மன் தேறி, வேறோர் ஊரில் இடம் பெற்றாள். எல்லோருக்கும் இப்படி அமையும் என்று நான் சொல்லவில்லை. போக நினைக்கும் பெண்களும் அவர்களை அனுப்ப நினைக்கும் பெற்றோரும் சில விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்வது நலம். ஏ1 பரீட்சையைச் சென்னை கதே இன்ஸ்டிட்யூட்டிலேயே எழுதலாம். ஜெர்மனியில் உள்ள அமர்த்தும் நிறுவனம் ஓ-பேரிடம் 150 யூரோவுக்கு மேல் கட்டணம் வாங்கச் சட்டம் இடம் தராது. விசாச் செலவுக்கு முன்பணம் அனுப்பு என்று கேட்கும் 'குடும்பம்' எதுவானாலும் அது மோசடி, பதில் போடாதீர்கள். வீட்டாரோடு வீடியோவில் பேசும்போது ஊரைப் பற்றியும் பனியைப் பற்றியும் பிறகு கேட்டுக்கொள்ளலாம். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என் வேலை முடியும் என்பதை முதலில் கேளுங்கள். இதற்கு முன் அவ்வீட்டில் இருந்த பெண்ணின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி, அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கெங்கே போனாள் என்று விசாரியுங்கள். அவளால் நான்கு ஊர்களின் பெயரைக் கூடச் சொல்ல முடியவில்லை என்றால், அந்தக் குடும்பத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.